ஜனநாயக உதவிப் பணியிலிருந்து பிஎச்டிக்கு: கள அனுபவம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்?

கேள்வி இதுதான்: "இலங்கையில் சில ஆண்டுகளாக வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஜனநாயக உதவித் திட்டங்களில் வேலை பார்த்தேன். தேர்தல் கண்காணிப்பு, உள்ளூராட்சிப் பெண் உறுப்பினர்களுக்கான பட்டறை, இந்த மாதிரி. 2025இல் அமெரிக்கப் பணம் நின்றது, திட்டமும் நின்றது. அரசியல் அறிவியலில் பிஎச்டி செய்யலாமென்று யோசிக்கிறேன். இந்த அனுபவம் உதவுமா, இல்லை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?"

உதவும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல.

நானும் இந்த வகைத் திட்டங்களில் சில காலம் இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவன்தான். இப்போது விண்ணப்பங்களைப் படிக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். களத்திலிருந்து வருகிறவர்களின் நோக்க அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். எத்தனை தேர்தல் பார்த்தோம், எத்தனை மாவட்டங்களில் பயிற்சி நடத்தினோம் என்று ஒரு நீண்ட பட்டியல். அதன் கீழே, "உள்ளூராட்சியில் பெண்களின் பங்களிப்பை எவ்வாறு வலுப்படுத்தலாம் என்று ஆராய விரும்புகிறேன்" என்று ஒரு வரி. அந்த வரிக்கு வந்ததும் படிப்பவர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்துவிடுவார். அது ஆய்வுக் கேள்வி இல்லை, நிதி கேட்டு எழுதும் முன்மொழிவு. பங்களிப்பை வெளியிலிருந்து வலுப்படுத்த முடியும், அதற்குப் பயிற்சிதான் வழி, செய்தால் நல்லதே நடக்கும் என்ற மூன்றையும் அது முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. பிறகு ஆராய என்ன மிச்சம்?

உங்கள் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். 25 சதவீதப் பெண் ஒதுக்கீடு இலங்கையில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2018 பிப்ரவரி உள்ளூராட்சித் தேர்தலில். அதுவரை 2 சதவீத அளவிலேயே கிடந்த பெண் உறுப்பினர் எண்ணிக்கை ஒரே தேர்தலில் 20 சதவீதத்தைத் தாண்டியது. 60 சதவீத இடங்கள் வட்டாரத்தில் நேரடிப் போட்டியில், 40 சதவீதம் கட்சிப் பட்டியலில் என்ற கலப்பு முறை. பெண்களில் பெரும்பகுதியினர் வந்தது பட்டியல் வழியாக. இவ்வளவும் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். உங்களுக்குத் தெரிந்தது வேறு. பட்டியலில் பெயர் எப்படி ஏறியது, யாரைக் கேட்காமலே ஏறியது, பட்டறைக்குக் கட்சி யாரை அனுப்பியது, யாரை அனுப்ப மறுத்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். 2025 மே மாதம் அடுத்த உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. 2018இல் பட்டியலில் வந்த பெண்களில் யாருக்கு இந்த முறை வட்டாரத்தில் நிற்க இடம் கிடைத்தது, யார் பெயரே இல்லாமல் போனது? சபையில் வாய் திறந்தவர்கள் தப்பினார்களா, வாய் மூடி இருந்தவர்களா? குடும்பத்தில் கட்சிக்காரர் ஒருவர் இருந்தது காரணமா? பயிற்சிக்கு இதில் ஏதாவது பங்கு உண்டா? இது ஆய்வுக் கேள்வி. "பயிற்சியால் ஒன்றும் ஆகவில்லை" என்ற விடையும் வரக்கூடும், அதுவும் நீங்கள் நடத்திய பயிற்சிக்கே. அந்த விடையைத் தாங்க முடியுமென்றால் மேலே படியுங்கள்.

கள அனுபவத்தின் மதிப்பு நம்மிடம் இருக்கும் கருத்துகளில் இல்லை. ஜனநாயகத்தைப் பற்றிக் கருத்து எல்லோருக்கும் உண்டு. அலுவலகத்தில் காகிதம் எப்படித் தயாராகிறது, பட்டியலை யார் போடுகிறார், படிவத்தின் எந்தக் கட்டத்தில் யார் எதை ஏன் நிரப்புகிறார் என்ற சலிப்பூட்டும் அறிவில்தான் அது இருக்கிறது. இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் அரசியல் அறிவியலாளர் சூசன் ஹைட்.

ஹைட், பல நாடுகளின் தேர்தல்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான கார்ட்டர் மையத்தின் ஜனநாயகப் பிரிவில் வேலை பார்த்தவர், பல நாடுகளில் தேர்தல் பார்வையாளராகப் போனவர். 2006இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவர் பிடித்த கேள்விகளில் ஒன்று கேட்க எளியது: வெளிநாட்டுப் பார்வையாளர் வந்தால் முறைகேடு குறையுமா? பதில்தான் கடினம். பிரச்சினை உள்ள சாவடிகளைத் தேடிப் பார்வையாளர்கள் போனால், அவர்கள் போன இடமெல்லாம் முறைகேடு மிகுதியாகத் தெரியும். வண்டி போகும் சாலை உள்ள ஊர்களுக்கு மட்டும் போனால், போன இடமெல்லாம் ஒழுங்காகத் தெரியும். இரண்டிலும் பார்வையாளர் வந்ததன் விளைவு என்னவென்று பிரித்துச் சொல்ல முடியாது.

2003 ஆர்மேனிய ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு வழி கிடைத்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பின் குறுகிய காலப் பார்வையாளர்களிடம் சாவடிப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலைப் போட்டவர்களுக்கு எந்தச் சாவடி எப்படிப்பட்டது, அங்கே யாருக்குச் செல்வாக்கு என்பது தெரியாது. ஆகவே எந்தச் சாவடிக்குப் பார்வையாளர் போனார் என்பது ஏறக்குறைய சீட்டுக் குலுக்கிப் போட்டது போலவே ஆகிவிட்டது. இரண்டு வகைச் சாவடிகளையும் ஒப்பிட்டார். முதல் சுற்றில், பார்வையாளர் போன சாவடிகளில் பதவியிலிருந்த ராபர்ட் கோச்சார்யானின் வாக்கு சுமார் 6 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. அந்தச் சுற்றில் கோச்சார்யான் பெற்றது 49.5 சதவீதம். 50ஐத் தாண்டியிருந்தால் இரண்டாம் சுற்றே வந்திருக்காது. இரண்டாம் சுற்றில் அவர் வென்றுவிட்டார் என்பது வேறு கதை.

இதில் கவனிக்க வேண்டியது முடிவை அல்ல, வழியை. தேர்தல் நாளுக்கு முந்தைய மாலையில் கையில் திணிக்கப்படும் அந்தச் சாவடித் தாளை எத்தனையோ ஆயிரம் பார்வையாளர்கள் வாங்கியிருப்பார்கள். "இதை யார், எதை வைத்துப் போட்டார்கள்?" என்று கேட்பதற்கு அந்த வேலையும் தெரிய வேண்டும், புள்ளியியலும் தெரிய வேண்டும். 2004 இந்தோனேசிய ஜனாதிபதித் தேர்தலில் அவர் இன்னொரு படி போனார். கார்ட்டர் மையத்தின் பார்வையாளர்களை உண்மையிலேயே குலுக்கல் முறையில் ஊர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நேர்மையாக நடந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட தேர்தல் அது. அங்கேயும் பார்வையாளர் போனதால் பதவியிலிருந்தவர் பெற்ற வாக்கில் அளவிடக்கூடிய மாற்றம் தெரிந்தது. ஒரு நிறுவனம் தன் வேலையைச் சோதனைக்கு உட்படுத்த இவ்வளவு இடம் கொடுத்தது என்றால், கேட்டவர் அந்த வேலையின் உள்விவரம் தெரிந்தவர் என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

எல்லோரும் எண்களின் பக்கம் போக வேண்டும் என்று இல்லை. இன்னொரு ஆய்வாளரான செவரின் ஓட்டெசேர் கொசோவோ, கொங்கோ போன்ற இடங்களில் உதவி நிறுவனங்களில் வேலை பார்த்தவர். அது மனிதாபிமான உதவி, உங்கள் துறைக்குப் பக்கத்து வீடு. அவரும் 2006இல்தான் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்தார். அதே ஆண்டு ஜூலையில் கொங்கோவில் தேர்தல் நடந்தது. 2 கோடியே 50 லட்சத்துக்கு மேல் வாக்காளர் பதிவு, ஏறக்குறைய 50 கோடி டாலர் செலவு, ஐநா அதுவரை கைகொடுத்த தேர்தல்களிலேயே பெரியது. உலகம் அதை வெற்றி என்று எழுதிக்கொண்டது. கிழக்கில் சண்டை ஓயவில்லை. ஏன்? வந்தவர்கள் கெட்டவர்கள் என்றோ பணம் போதவில்லை என்றோ அவர் சொல்லவில்லை. நிலம், மாடு, ஊர்த்தலைமை பற்றிய உள்ளூர்ச் சண்டைகள் வெளிநாட்டு ராஜதந்திரிகளின் கணக்கில் "நம் வேலை" என்ற பட்டியலிலேயே இல்லை என்றார். தலைநகரத்தில் பேச்சுவார்த்தை, நாடு முழுக்கத் தேர்தல் இரண்டும்தான் அவர்களுக்கு அமைதிப் பணி. ஊருக்குள் நடப்பது அவர்கள் பார்வையில் காட்டுமிராண்டித்தனம், இயல்பு, தலையிட முடியாதது. இந்தப் பார்வையைப் பிடிக்க அவர் நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசினார், அவர்களோடு இருந்து பார்த்தார். வெளியிலிருந்து வரும் மாணவருக்கு அதே அதிகாரிகள் செய்திக் குறிப்பை நீட்டியிருப்பார்கள்.

மூன்றாவது வகைக் கேள்வி உங்கள் முன்னாள் அலுவலகத்தையே குறிபார்ப்பது. அரசியல் அறிவியலாளர் சாரா புஷ் கேட்டது அது. 1980களில் எதிர்க்கட்சிகள், சுதந்திரத் தொழிற்சங்கங்கள் என்று ஆட்சியாளருக்கு எரிச்சலூட்டும் வேலைகளுக்குப் போன பணம், பிறகு எப்படி நல்லாட்சி, பெண்கள் பங்கேற்பு, உள்ளூராட்சித் திறன் என்று ஆட்சியாளர்களே ரிப்பன் வெட்டித் தொடங்கிவைக்கும் வேலைகளுக்கு நகர்ந்தது? அமெரிக்காவின் தேசிய ஜனநாயக நிதியம் 1983இல் தொடங்கியது. அதன் மானியப் பதிவேடுகளைத் திரட்டி, ஜோர்டானிலும் துனிசியாவிலும் களத்தில் பார்த்து, அவர் வந்த இடம் இது: நிறுவனங்கள் பிழைக்க வேண்டும். பிழைக்க அடுத்த மானியம் வேண்டும். அடுத்த மானியத்துக்கு எண்ணிக் காட்டக்கூடிய விளைவும், நாட்டுக்குள் இருக்க அனுமதியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருவது சாதுவான திட்டம்தான். "பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை, அவர்களில் பெண்கள்" என்ற கட்டத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை நிரப்பிய எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. ஆனால் தெரிந்திருப்பது வேறு, பல பத்தாண்டு மானியங்களை வகைப்படுத்திக் காட்டுவது வேறு. முன்னதற்குப் பட்டம் தர மாட்டார்கள்.

வகைப்படுத்துவது என்றதும் ஒன்று. உதவியால் ஜனநாயகம் வளருமா என்ற பெரிய கேள்விக்கு ஸ்டீபன் நாக் என்ற ஆய்வாளர் 2004இல் சொன்ன பதில் "இல்லை". அவர் எடுத்தது 1975 முதல் 2000 வரையிலான மொத்த வெளிநாட்டு உதவி. ஸ்டீவன் ஃபிங்கலும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2007இல் சொன்ன பதில் "ஆம், ஓரளவு". அவர்கள் எடுத்தது 1990 முதல் 2003 வரை அமெரிக்கா ஜனநாயகத்துக்கென்றே ஒதுக்கிய பணம் மட்டும். அணைக்குக் கொடுத்ததும் வாக்குச்சீட்டு அச்சிடக் கொடுத்ததும் ஒரே தொகையில் சேர்ந்தால் ஒரு விடை, பிரித்தால் இன்னொரு விடை. எந்தச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது, எதை எந்தத் தலைப்பில் ஒளித்து வைப்பார்கள் என்பது திட்ட அலுவலகத்தில் இருந்தவருக்குத் தெரியும். இந்த மாதிரி ஆய்வுகளைப் படிக்கும்போது தரவு எப்படி உருவானது என்ற அடிக்குறிப்பில் உங்களுக்குச் சந்தேகம் எழும். அந்தச் சந்தேகத்தைக் குறித்து வையுங்கள், அதில் ஒரு கட்டுரை இருக்கலாம்.

2025ஐப் பற்றி. ஜனவரி 20 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூலை 1 அன்று அந்த உதவியைக் கையாண்ட அமெரிக்க அரசின் யுஎஸ்எயிட் தனி நிறுவனமாக இயங்குவது முடிந்தது. வேலை போனவரிடம் இதை வாய்ப்பு என்று சொல்வது கொடுமை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. உதவி நிற்பது வழக்கமாக ஏதோ காரணத்தால்தான்: ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அரசு வெளியேற்றியது, திட்டம் தோற்றது. அந்தக் காரணமே விளைவையும் பாதிப்பதால், உதவி நின்றதால் என்ன ஆனது என்று சொல்ல முடியாது. இந்த முறை நல்ல திட்டம், மோசமான திட்டம் எல்லாம் ஒரே நாளில் நின்றன. எந்த நாட்டின் நடத்தையும் அதற்குக் காரணம் இல்லை. பிறகு எவற்றுக்கு விலக்கு கிடைத்தது என்பது மட்டும் தற்செயல் அல்ல. அதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். பணம் நின்ற பிறகும் எந்த அமைப்பு சாவடிக்கு ஆள் அனுப்புகிறது என்ற ஒரு கேள்வி போதும், பல ஆய்வேடுகளுக்குத் தாங்கும். உங்கள் நாட்டில் பஃப்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பு 1987 முதல் இருக்கிறது, தேர்தல் வன்முறைக் கண்காணிப்பு நிலையம் 1997 முதல். நிதியின் ஏற்ற இறக்கங்களைப் பார்த்த அமைப்புகள்.

இனி, அனுபவம் காலை வாரும் இடம். உங்களிடம் பழைய அறிக்கைகள், பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியல், மின்னஞ்சல்கள் எல்லாம் மடிக்கணினியில் இருக்கும். அவை உங்களுடையவை அல்ல. வேலைக்காகச் சேகரித்தபோது யாரும் ஆய்வுக்கு ஒப்புதல் தரவில்லை. பல்கலைக்கழக நெறிக்குழு கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான், குழு கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். எகிப்தில் நடந்ததை மறக்கக் கூடாது. 2011 டிசம்பர் 29 அன்று கெய்ரோவில் ஜனநாயக உதவி அமைப்புகளின் அலுவலகங்களில் சோதனை நடத்திக் கணினிகளையும் கோப்புகளையும் அள்ளிச் சென்றார்கள். 43 பேர் மீது வழக்கு. 2012 மார்ச்சில் வெளிநாட்டு ஊழியர்களில் பெரும்பாலோர் பிணையில் விமானம் ஏறினார்கள். எகிப்தியர்கள் கூண்டில் நின்றார்கள். 2013 ஜூனில் 43 பேருக்கும் தண்டனை. 2018 டிசம்பரில்தான் அவர்களில் பெரும்பாலோர் மறுவிசாரணையில் விடுதலை ஆனார்கள். உங்கள் ஆய்வேடு வெளிவரும்போது நீங்கள் வேறு நாட்டில் இருப்பீர்கள். உங்களுக்குப் பேட்டி கொடுத்த வவுனியா ஒருங்கிணைப்பாளர் வவுனியாவிலேயே இருப்பார். பெயரை மறைத்தால் போதாது. ஒரு மாவட்டத்தில் அந்தப் பதவியில் ஒரே ஒருவர்தான் இருந்தார் என்றால் பதவியைச் சொன்னதே பெயரைச் சொன்னதுதான்.

இதைவிடத் தந்திரமானது விசுவாசம். உடன் வேலை பார்த்தவர்கள் நல்லவர்கள், குறைந்த சம்பளத்தில் உழைத்தவர்கள். அவர்களுடைய திட்டம் பயன் தரவில்லை என்று எழுதக் கை வராது. சிலருக்கு இது தலைகீழாகவும் நடக்கும்: வெளியே வந்ததும் எல்லாமே ஏகாதிபத்திய நாடகம் என்று எழுதித் தள்ளுவார்கள். அதுவும் பழைய அலுவலகத்தோடு நடக்கும் சண்டைதான், ஆய்வு இல்லை. நான் பார்த்தவரை இரண்டாம் ஆண்டுக்குள் இந்த இரண்டிலிருந்தும் வெளியே வராதவர்கள் ஆய்வேட்டை முடிக்கத் திணறுகிறார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் பொதுவாக 5 முதல் 6 ஆண்டுகள்: முதல் இரண்டு ஆண்டு வகுப்புகள், புள்ளியியல், தகுதித் தேர்வு, பிறகு ஆய்வுத் திட்டம், களம், எழுத்து. நல்ல துறைகளில் கட்டணம் இல்லை, உதவித்தொகை உண்டு. முறைகள் தெரியாமல் வருகிறவர்களுக்கு இதுதான் ஏற்ற இடம், ஏனெனில் கற்றுத்தருகிறார்கள். ஆனால் 2025க்குப் பிறகு பல துறைகள் சேர்க்கையைக் குறைத்துவிட்டன. பிரிட்டனில் 3 முதல் 4 ஆண்டு, நுழையும்போதே திட்டமும் வழிகாட்டியும் வேண்டும், வெளிநாட்டவருக்கு நிதி கிடைப்பது கடினம். நார்டிக் நாடுகளில் பிஎச்டி என்பது சம்பளத்துக்கு வேலை. விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் இயங்கும் வி-டெம் நிறுவனம் ஜனநாயகத்தை அளப்பதையே தொழிலாகக் கொண்டது. உங்கள் ஆர்வத்துக்கு அருகில் உள்ள இடம் அது. வயதைப் பற்றிக் கவலை வேண்டாம், 30களில் தொடங்குகிறவர்கள் நிறைய. கணிதம் விட்டுப் பல ஆண்டு ஆகிவிட்டது என்றால் மட்டும் இப்போதே ஒரு புள்ளியியல் பாடமும், ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் தொடங்குங்கள்.

பிஎச்டி தேவைதானா என்றும் கேட்டுப்பாருங்கள். இந்தத் துறையில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படுகிறவர்களில் ஒருவரான தாமஸ் கரோதர்ஸ் சட்டம் படித்தவர். 1980களில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் வழக்கறிஞராக இருந்து, லத்தீன் அமெரிக்காவுக்கான ஜனநாயகத் திட்டங்களிலும் பங்கெடுத்தவர். முனைவர் பட்டம் இல்லை. 'ஜனநாயகத்தை நோக்கி மாறிக்கொண்டிருக்கும் நாடுகள்' என்று சொல்லப்பட்ட ஏறக்குறைய 100இல், தெளிவாக அந்தத் திசையில் போவது 20க்கும் குறைவு என்று 2002இல் அவர் எழுதிய கட்டுரை பல ஆய்வேடுகளைவிட அதிகம் அசைத்தது. மதிப்பீட்டுப் பணியோ கொள்கை ஆய்வோ உங்கள் விருப்பம் என்றால் முதுகலையும் நல்ல எழுத்தும் போதும். பேராசிரியர் வேலைதான் குறி என்றால் பிஎச்டி தவிர வழியில்லை, அந்த வேலைச் சந்தையும் எங்கும் நன்றாக இல்லை.

விண்ணப்பிப்பதாக முடிவு செய்தால்: அமெரிக்கத் துறைகளின் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர். மூன்று பரிந்துரைக் கடிதங்களில் குறைந்தது இரண்டு உங்களுக்குப் பாடம் எடுத்த, உங்கள் ஆய்வுக் கட்டுரையைப் படித்த ஆசிரியர்களிடமிருந்து வரட்டும். முன்னாள் திட்ட இயக்குநர் எவ்வளவு அன்பாக எழுதினாலும் ஒன்று போதும். அவர் எழுதப்போவது நீங்கள் கெடு தவறாதவர் என்று, துறை அறிய விரும்புவது உங்களுக்கு ஆராய வருமா என்று. எழுத்து மாதிரியாகத் திட்ட அறிக்கையை இணைக்காதீர்கள். மேலே சொன்ன 2018, 2025 வேட்பாளர்களை ஒரே ஒரு மாவட்டத்தில், பொதுவெளியில் இருக்கும் வர்த்தமானி அறிவிப்புகளையும் தேர்தல் ஆணைக்குழுவின் முடிவுகளையும் மட்டும் வைத்து ஒப்பிட்டு, 20 பக்கத்தில் எழுதி, அதை இணையுங்கள்.